சாம்பல்தீவுக் குளியலறைக்கு ஒரு மரத்தொட்டி: மரம் தேடியது முதல் தண்ணீர் நின்றது வரை

திருக்கோணமலைக்கு அருகே கடலோரத்தில் இருக்கிற சாம்பல்தீவில் அக்கா வீட்டுப் பின்பக்கக் குளியலறையில் தொட்டியைத் தவிர எல்லா வேலையும் முடிந்திருந்தது. சுவர் பாதி உயரம் கருங்கல், அதற்கு மேல் பூசாத செங்கல். பனஞ்சலாகையில் ஓட்டுக்கூரை. தேய்த்து விட்ட சீமெந்துத் தரை. ஒரு மூலை வானம் பார்த்தபடி, அங்கே வாழை நிற்கிறது. இந்த அறைக்கு மரத்தொட்டிதான் பொருந்தும் என்பதில் அக்காவுக்கும் அத்தானுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எந்த மரம், எந்த வடிவம், யார் செய்வது என்பதில்தான் நாட்கள் போயின. திருக்கோணமலைப் பக்கம் இப்படி ஒன்று வைக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் கடைகளைப் பார்த்தோம். கொழும்பில் ஒரு கடையில் "தேக்குத் தொட்டி" என்று அழகான ஒன்றைக் காட்டினார்கள். உள்ளும் புறமும் கண்ணாடி மாதிரி வார்னிஷ், சுற்றிச் செம்பு நிறத்தில் இரண்டு பட்டைகள். அத்தான் சாவிக்கொத்திலிருந்த சின்னக் காந்தத்தைப் பட்டையில் வைத்தார், பலமாக ஒட்டிக்கொண்டது. அது செம்பு நிறம் பூசிய சாதாரண இரும்பு. உப்புக்காற்றில் அந்தப் பூச்சு எத்தனை மாதம் தாங்கும் என்று சாம்பல்தீவில் ஜன்னல் கம்பி வைத்திருக்கிற எவரும் சொல்லிவிடுவார்கள். இரும்புத் துரு ஈர மரத்தில் பட்டால் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறையாக ஊறும், பிறகு அது இலேசில் போகாது. உள்பக்க வார்னிஷ் அதைவிடப் பெரிய வில்லங்கம். பலகைகள் ஒவ்வொரு நனைவிலும் ஊதி, ஒவ்வொரு காய்ச்சலிலும் சுருங்கும். வார்னிஷ் அப்படி அசையாது. பொருத்துகளில் மயிர் போலக் கீறும், கீறிய இடத்தால் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இருந்து மரத்தை உக்க வைக்கும். அதனால் மரத்தொட்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். உள்பக்கம் மினுங்கினால் யோசியுங்கள்.

ஜப்பானிலிருந்து வருகிற ஹினோக்கித் தொட்டியையும் விசாரித்தோம். ஹினோக்கி அங்கே வளரும் ஒரு சைப்பிரசு வகை. இலேசான மரம், நல்ல வாசம், தண்ணீரில் உக்காமல் நிற்கும் என்று பெயர் எடுத்தது. மரத்தொட்டிக்கு அதைவிடப் பேர்போன மரம் இல்லை. ஆனால் விலையும் கப்பல் கூலியும் சேர்ந்தால் குளியலறை முழுவதையும் இன்னொரு தடவை கட்டலாம் போலிருந்தது. அதைவிட, ஒரு பலகை பழுதானால் இங்கே மாற்றிப் போட ஆள் இல்லை. எனக்கு அதுதான் முடிவான காரணம்.

அப்புறம் மரக்காலைகளுக்குப் போனோம். இங்கே கிடைக்கிற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாலை இரும்பு மாதிரி. ரயில் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் போட்ட மரம். சீவுளி பல்லிளிக்கும், தொட்டியைத் தூக்க ஆள் சேர்க்க வேண்டும், காய்கிறபோது வெடிப்பும் விடும். முதிரை மின்னும் அழகு, ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொடுக்கும். வெறும் உடம்போடு ஊறி இருக்கிற சாமானுக்கு அதை நான் எடுக்க மாட்டேன். பலா நல்ல மரம்தான், ஆனால் அதன் மஞ்சள் சாயம் தண்ணீரில் இறங்கும். பிக்குமாரின் காவிக்குச் சாயம் எடுத்ததே பலாச் சீவலில்தான். தென்னையும் பனையும் நார்க்கட்டுகள், தொட்டிப் பலகைக்கு எடுபடாது. தேக்கு என்றால் மறுபேச்சில்லை. அதன் எண்ணெய்ப் பசை தண்ணீரையும் கறையானையும் தள்ளி வைக்கும், அசைவும் குறைவு. நம் ஊர்ப் பெயரைக் கொண்ட எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்த தேக்கு இளம் தோட்டத் தேக்கு. பலகைக்குப் பலகை ஓரத்தில் வெளிறிய மரவெள்ளை. எந்த மரமானாலும் அந்த வெள்ளை உக்கும், நடுவிலுள்ள வைரம்தான் நிற்கும். வெள்ளையை வெட்டித் தள்ளினால் மிஞ்சுவது போதாது.

கடைசியில் நின்றது சவண்டலை. மரக்காலையில் ஹல்மில்ல என்று சிங்களப் பெயரில் கேட்டால்தான் சட்டென்று எடுத்துக் காட்டுவார்கள். நம் வரண்ட வலயக் காட்டு மரம். வெளிநாட்டு மர வியாபாரத்தில் இதற்குத் திருக்கோணமலை மரம் என்றே பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அலையடிக்கிற கரையில் ஆட்களையும் சாமான்களையும் இறக்கிய மசூலாப் படகுகளுக்குப் பலகையானது இந்த மரம்தான். பீப்பாய் செய்யவும் இதுவே. இலங்கையில் சாராயத்தை ஊற வைக்கிற பெரிய மரப்பீப்பாய்கள் பல இன்றும் சவண்டலையில்தான். வருடக்கணக்காகச் சாராயத்தையே ஒழுகாமல் வைத்திருக்கிற மரத்துக்கு ஒரு குளியல் தண்ணீர் என்ன பாரம்? நார் நேராக ஓடும், வளைவுக்கு ஒத்துக்கொள்ளும், தேக்கைவிடக் கனம். இந்த ஊர் வீட்டில், இந்த ஊர்க் காட்டு மரத்தில் ஒரு தொட்டி என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஒரு சட்ட விஷயம். இங்கே இப்படிப்பட்ட காட்டு மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றிப் போக அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாத மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். ரசீதும் பத்திரமும் தருகிற இடத்தில்தான் நாங்கள் வாங்கினோம்.

பலகை தெரிவு செய்கிறபோது முகத்தைப் பார்ப்பதைவிட வெட்டு முனையைப் பார்க்க வேண்டும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில்தான் ஊதும், அதிலும் மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் அசைவு, நடுவிலிருந்து வெளியே போகிற திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிற பலகை வேண்டும். முகத்தில் கோபுரம் கோபுரமாகப் பூ விழுந்த பலகை பார்க்க வடிவாக இருக்கும், தொட்டிக்கு ஆகாது, அது குவியும். நேர்கோடு விழுந்த பலகைதான் நமக்கு. மரக்காலைப் பையன் பூ விழுந்ததையே மேலே மேலே எடுத்து வைத்தான். மற்றவர்கள் அதைத்தான் கேட்பார்களாம். அதனால் எங்களுக்கு வேண்டியது அடுக்கின் அடியில் தாராளமாகக் கிடந்தது.

செய்வதற்குத் தளபாடத் தச்சர்களிடம் போகவில்லை. மர வள்ளம் கட்டிப் பழகிய ஒரு ஓடாவியாரிடம் போனோம். இப்போது கடலுக்குப் போகிற படகெல்லாம் பைபர் கண்ணாடியாகிவிட்டதால் அவருக்கு அந்த வேலை அருகிவிட்டது. படத்தைக் காட்டினேன். நான் முதலில் கேட்டது வெடிக்காதா என்றுதான்.

"தண்ணியிலயே கிடந்தா ஒண்டும் செய்யாது தம்பி. நனைஞ்சு காய்ஞ்சு, நனைஞ்சு காய்ஞ்சு கிடந்தாத்தான் பொளக்கும். வீட்டில ஆக்கள் எப்பவும் இருப்பினமோ?"

இந்தக் கேள்விதான் மரத்தொட்டி எடுக்கலாமா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கிறது. நம் பக்கம் வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் ஆவணி புரட்டாசி வரைக்கும் எல்லாம் வறண்டு போகும், கதவெல்லாம் சட்டத்தில் ஆடும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும், அதே கதவைத் தோளால் தள்ள வேண்டியிருக்கும். மரத்தொட்டிக்கும் இதே கதைதான், வெறுமையாகக் கிடந்தால். வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வந்து திறக்கிற வீட்டுக்கு மரத்தொட்டி வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பைபர் தொட்டி ஒன்றை வைத்து வெளியே மட்டும் பலகை அடிப்பது நல்லது. படகுப் பட்டறைக்காரர் மரத்துக்கே எப்பொக்சி பூசி மூடித் தருவார்கள் என்றும் சொன்னார்கள். அது நடக்கிற காரியம்தான், ஆனால் எங்கோ ஓரிடத்தில் கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் வெளியே தெரியாமல் உக்கும். அக்கா வீட்டில் எப்போதும் ஆள் உண்டு. ஆகவே வெறும் மரத்தொட்டி, பூச்சு இல்லாமல்.

வடிவம் வட்டம். அக்காவுக்கு நீள்வட்டத்தில் சாய்ந்து படுக்க ஆசை. ஓடாவியார் தரையில் கரியால் இரண்டையும் கீறிக் காட்டினார். வட்டத்தில் பட்டையை இறுக்கினால் எல்லாப் பலகையையும் ஒரே அளவாக உள்ளே அழுத்தும். நீள்வட்டத்தின் நீண்ட பக்கத்தில் பட்டை கிட்டத்தட்ட நேராக ஓடுவதால் அங்கே அழுத்தம் மெலிந்து போகும், ஒழுக்கும் அங்கேதான் வரும். அக்கா படத்தைப் பார்த்ததும் வட்டத்துக்கு இறங்கி வந்தார். உள்ளே உட்கார ஒரு சின்னப் பலகை இருக்கை கேட்டார், அது சரி.

உள் விட்டம் 95 செ.மீ., உயரம் 65 செ.மீ., பலகைத் தடிப்பு 35 மி.மீ. தண்ணீர் 45 செ.மீ. உயரத்துக்கு நின்றால் ஏறக்குறைய 320 லீற்றர், அதில் ஆள் 55 லீற்றர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நிரப்ப வேண்டியது 265 லீற்றர். தண்ணீரும் ஆளும் தொட்டியும் சேர்ந்து 400 கிலோ. இது ஒரு சதுர மீற்றருக்கும் குறைந்த இடத்தில் நிற்கிறது. நிலத்தில் போட்ட சீமெந்துத் தரைக்குப் பிரச்சினை இல்லை. மேல்மாடி என்றால் பொறியியலாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 200 கிலோ கணக்கில்தான் போடுவார்கள்.

பக்கப் பலகை 30. வட்டம் 360 பாகை என்றால் ஒவ்வொரு பலகைக்கும் 12 பாகை, பலகையின் ஒவ்வொரு விளிம்புக்கும் 6 பாகைச் சாய்வு. வெளிமுகம் 10.7 செ.மீ. கணக்கு இலேசு, கைவேலை அப்படி இல்லை. விளிம்பு மொத்தம் 60. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினால் கடைசியில் 30 பாகை பிசகி நிற்கும், வட்டம் மூடாது. ஓடாவியார் நீளமான சீவுளியைத் தலைகீழாகக் கட்டையில் நிறுத்திவிட்டு, பலகையை அதன்மேல் தள்ளித் தள்ளிச் சீவினார். ஆறு பாகையில் வெட்டிய தகரத் துண்டு ஒன்று அவர் மடியில். இரண்டு தள்ளு, ஒரு பார்வை. வெளிச்சத்துக்கு எதிரே தகரத்தைப் பிடித்து இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ஒரு தள்ளு. சவண்டலைச் சீவல் சுருள் சுருளாக, உடையாமல் வந்தது. நார் நேராக ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

பலகைக்கும் பலகைக்கும் இடையில் பசை கிடையாது. நிலை மாறாதிருக்க இரண்டு மர ஆணி மட்டும். அடியிலிருந்து 5 செ.மீ. மேலே உள்பக்கமாக 1 செ.மீ. ஆழத்துக்குத் தவாளிப்பு, அதாவது சுற்றி ஓடுகிற ஒரு பள்ளக்கோடு, அதற்குள் அடிப்பலகை உட்காரும். அடிப்பலகை முழு வட்டமில்லை. அது நாருக்குக் குறுக்கே மட்டும் ஊதும் என்பதால் அந்தத் திசையில் சில மில்லிமீட்டர் குறைத்து வெட்டினார். குறைக்காவிட்டால் ஊதுகிற அடி சுற்றுப் பலகைகளைத் தள்ளிப் பிளந்துவிடும். தவாளிப்பில் பஞ்சு நூல் ஒரு சுற்று வைத்தார். வள்ளத்தின் பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடிக்கிற பழக்கத்தில் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசவா என்று கேட்டார், பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் இளகி உடம்பில் ஒட்டும் என்று அவரே வேண்டாம் என்றார்.

பட்டை 316 தர எவர்சில்வர், 3 செ.மீ. அகலம், மூன்று இடத்தில். 304 என்றால் மலிவு, ஆனால் கடற்காற்றில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும். முனைகளில் போல்ட் பூட்டி இறுக்கத்தக்கதாகச் செய்வித்தோம். போல்ட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும், இதை வலியுறுத்திக் கேளுங்கள்.

தொட்டியை நிறுத்துகிற முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. பாரம் முழுக்க அடிப்பலகையின் கீழே குறுக்கே போட்ட மூன்று கட்டைகளில் இறங்க வேண்டும். சுற்றுப் பலகைகளின் கீழ்முனை தரையைத் தொடவே கூடாது. தொட்டால் பாரம் தவாளிப்பில் ஏறி அதை உடைக்கும், முனையும் தரை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், கறையானுக்கும் ஏணி. கட்டைகளை 7 செ.மீ. உயரத்துக்கு எடுத்ததால் அடியில் விளக்குமாறு போய் வரும், கறையான் புற்று எழும்பினால் கண்ணுக்குத் தெரியும். வடிகாலுக்குப் பித்தளைப் பொருத்தி, ரப்பர் வளையம். மரம் அசைகிற இடத்தில் சிலிக்கன் பூசவில்லை. கழிவுத் தண்ணீர் பீவீசி குழாயால் நேரே வாழைக்கு.

முதல் தண்ணீர் விட்டபோது அக்கா பயந்துபோனார். பொருத்துக்குப் பொருத்து தண்ணீர் கசிந்து தரையெல்லாம் ஈரம். காய்ந்த மரத்தில் செய்த தொட்டி அப்படித்தான் தொடங்கும். காய்ந்த பலகையாக இருந்தால்தான் நனைந்ததும் ஊதித் தன்னைத்தானே இறுக்கும். பச்சைப் பலகையில் செய்தால் முதல் நாள் ஒழுகாது, பிறகு ஆயுள் முழுக்க ஒழுகும். கால்வாசி நிரப்பி ஒரு இரவு, பிறகு அரைவாசி என்று படிப்படியாக ஏற்றினோம். கசிவு துளியாகி, துளி ஈரக்கோடாகி நின்றது. ஒரு பொருத்து மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஓடாவியார் சலித்த மரத்தூளை ஒரு கைப்பிடி அந்தப் பக்கத் தண்ணீரில் கரைத்துவிட்டார். கசிவு இழுக்கிற இழுவையில் தூள் போய் அடைத்து, ஊதி, மூடிக்கொண்டது. இந்தக் கட்டத்தில் பதறிப்போய் சிலிக்கன் அப்புவதுதான் பெரிய கேடு; அது பலகை ஊதி மூட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சுடுதண்ணீர் கதை சின்னது. மார்கழிக் குளிரில் 28 பாகைக் கிணற்றுத் தண்ணீரை 38க்கு ஏற்ற வேண்டும். 3.5 கிலோவாட் ஹீட்டர் 10 பாகை ஏற்றி நிமிடத்துக்கு 5 லீற்றர்தான் தரும், ஆகத் தொட்டி நிரம்ப ஒரு மணித்தியாலம் போகும், மின்சாரம் 3 அலகு. கிடாரத்தில் 40 லீற்றர் கொதிக்க வைத்து ஊற்றி, மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டாலும் அதே சூடு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி வார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தச் சூடு போதும். கச்சான் காலத்தில் வெறும் கிணற்றுத் தண்ணீர்தான் சொர்க்கம்.

தொட்டிக்குள் சவர்க்காரம் கிடையாது. பக்கத்தில் வாளியும் கோப்பையும் வைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி முடித்த பிறகுதான் உள்ளே இறங்குவது. ஜப்பானியரும் இப்படித்தான் செய்வார்கள். நம் வீடுகளில் அள்ளி வார்த்துக் குளிக்கிற பழக்கம் இருப்பதால் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நுரையும் நல்லெண்ணெயும் மரத்தில் படிந்தால் வழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் முழுக்கு நாளில் தொட்டிப் பக்கம் போகாதீர்கள். கழுவுவதற்குத் தும்புப் பிரஷும் தண்ணீரும் போதும். குளோரின் வேண்டாம், மரத்துக்கும் பட்டைக்கும் கேடு. வெளிப்பக்கத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்தோம். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

ஈரமாகவும் வைத்திருக்க வேண்டும், நுளம்பும் பெருகக் கூடாது. டெங்கு நுளம்பு பெரும்பாலும் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீரில் முட்டையிடும், ஒரு கிழமை பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் மரத்தொட்டி என்று விட மாட்டார், விடவும் கூடாது. குளிக்காத நாட்களில் ஒரு சாண் தண்ணீர் மட்டும் விட்டு, மூன்று நாளுக்கு ஒரு தடவை திறந்து வாழைக்கு விட்டு, உள்சுவரைத் தும்பால் தேய்த்துப் புதுத் தண்ணீர் விடுகிறார்கள். மேலே விளிம்போடு பொருந்துகிற பலகை மூடி, அதன் அடியில் வலை. அக்காவின் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியிருப்பதால் மூடிக்குக் கொளுக்கியும் போட்டாயிற்று. ஒரு சாண் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து.

பட்டைகளை வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கச் சொன்னார் ஓடாவியார்: கச்சான் எழும்புகிறபோது கொஞ்சம் இறுக்கவும், மாரி தொடங்குகிறபோது கொஞ்சம் தளர்த்தவும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் சுற்றுக்கு மேல் போகாமல். மாரியில் தளர்த்தாவிட்டால் ஊதுகிற பலகைகள் ஒன்றையொன்று நசுக்கி விளிம்பு மசிந்துவிடும், அடுத்த கச்சானில் அந்த இடம் திறந்தபடி நிற்கும். மிஞ்சிய நான்கு பலகைகளைத் தொட்டிக்கென்றே சீவி, சாய்வு வைத்து, தவாளிப்பும் வெட்டித் தந்திருக்கிறார். அவை சமையலறைப் பரணில், காற்றுப் படுகிற மாதிரி இடையில் குச்சி வைத்து அடுக்கியிருக்கின்றன.